அறுநூறு கிழங்கும் அழுகவில்லை

வந்திருந்தோர்:

டாக்டர் இராமலிங்கம், நிலையத் தலைவர்.

திரு. தருமன், இணை இயக்குநர், மெட்ராஸ் (குடும்பத்துடன்).

திரு. சகாதேவன், தலைமை எழுத்தர்.

குமாரி கஸ்தூரி, ஆய்வு உதவியாளர் (கேட்டால் மட்டும் பேச வேண்டியவர்).

உருளைக்கிழங்கு, அறுநூறு. அவற்றில் கிழங்கு என்று சொல்லும் நிலையில் இருந்தவை, பதினொன்று.

கண்ணாயிரம், தினக்கூலி (வராந்தாவில்).

1981ஆம் வருஷம் கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் பகல் பதினொரு மணிக்கு நடந்த கூட்டத்தின் குறிப்பு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. குறிப்பில் உள்ளதெல்லாம் உண்மை. விட்டுப்போனது ஒன்றுதான். வராந்தாவில் நின்ற கண்ணாயிரம் ஆறு மாதமாக ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல முயன்றுகொண்டிருந்தார். அதை எழுதிக்கொள்ள அந்த நிலையத்தில் ஆள் கிடைக்கவில்லை.

கிழங்கு நோய் எதிர்ப்புத் திறன் ஆய்வு நிலையம் முதலில் மலைமேல்தான் இருந்தது. உருளைக்கிழங்கு விளைகிற இடம், பூஞ்சணமும் விளைகிற இடம். ஆனால் மலை ஈரத்தில் பூஞ்சணம் கிழங்கோடு நிற்காமல் கோப்புகளையும் தின்னத் தொடங்கியது. அதிகாரிகளின் பணிப்பதிவேடுகளில் நான்கு பேருடைய பிறந்த தேதியை முழுசாகத் தின்றுவிட்டது. அவர்கள் எப்போது ஓய்வு பெறுவார்கள் என்று யாருக்கும் தெரியாமல் போனதும், பூஞ்சணத்தைப் பற்றி ஆராய்வதற்குப் பூஞ்சணம் தொந்தரவு செய்யாத ஊர் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். வெயிலில் பாறை வெடிக்கிற ஊராகத் தேடிப் பார்த்துத் திருவண்ணாமலையைத் தேர்ந்தெடுத்தார்கள். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, கடலை மூட்டை அடுக்கக் கட்டிய கிடங்கு ஒன்று காலியாக இருந்தது. பெயர்ப்பலகை மாட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரர் அதைத் தியான மடம் என்று நினைத்து மூன்று நாள் வாசலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உள்ளே அலுவலகம் அவ்வளவு அமைதியாக நடந்தது.

கண்ணாயிரம் அங்கே வருவதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் சின்னக்கடைத் தெரு மண்டியில் வேலை பார்த்தவர். வேலை என்றால் ஒன்றே ஒன்று, கழிவு பொறுக்குவது. மூட்டைக்குள் கை விட்டால் கெட்ட கிழங்கு கையில் வந்து நிற்கும். கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. மோப்பத்திலேயே எந்த அடுக்கில் எத்தனாவது மூட்டை என்று சொல்லிவிடுவார். மண்டி முதலாளி அவரைக் கல்யாண வீட்டுச் சமையல்காரரைப் போல நடத்தினார். ஆனால் மண்டி வேலைக்கு மரியாதை இல்லை என்று அவர் மனைவி ஜோதியம்மாள் சொன்னதால் சர்க்கார் வேலைக்கு வந்தார். வந்து ஆறு வருஷம் ஆகியும் தினக்கூலிதான்.

மகள் சரசுவைக் கீழ்பென்னாத்தூரில் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பாஞ்சாலை வந்து பார்த்துவிட்டு, பெண் லட்சணமாக இருக்கிறாள், அப்பா வேலை நிரந்தரமா என்று கேட்டாள். ஆகிவிடும் என்றார்கள். “ஆர்டர் வரட்டும், அன்னிக்கே தட்ட மாத்திக்கலாம்” என்று சொல்லிவிட்டு, வைத்த காப்பியைக் குடிக்காமல் போனாள். அந்தக் காப்பியை ஜோதியம்மாள் இன்னும் மறக்கவில்லை.

சோதனை இதுதான். ஆறு ரகக் கிழங்கு, ரகத்துக்கு நூறு, ஆறு அடுக்கு. ஒவ்வொரு கிழங்கிலும் கஸ்தூரி ஓர் ஆணியால் அரை அங்குல ஆழத்துக்குக் குத்துவாள். குத்தின இடத்தில் சீசாவில் வளர்த்த பூஞ்சணத்தைத் தடவுவாள். பூஞ்சணம் பிடித்தால் கிழங்கின் தோல் வட்டம் வட்டமாகச் சுருங்கும். உள்ளே பொந்து விழுந்து, பஞ்சு மாதிரி வெள்ளையும் ரோஸுமாக அடைத்துக்கொள்ளும். உலர் அழுகல் என்று பெயர். ஆய்வாளர்கள் நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் உள்ளே வந்து எந்த ரகத்தில் எத்தனை அழுகியிருக்கிறது என்று எண்ண வேண்டும். குறைவாக அழுகியது நல்ல ரகம்.

இந்த விவரம் கண்ணாயிரத்தைத் தவிர எல்லாருக்கும் தெரியும். தினக்கூலிக்கு விவரம் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. அந்தத் தடவைதான் கிழங்கு அறைக்கு மாற்றப்பட்ட அவரைக் கூப்பிட்டு டாக்டர் இராமலிங்கம் சொன்னது இரண்டு வாக்கியம். அறை சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணிக்கை குறையக் கூடாது.

எண்ணிக்கை விஷயத்தில் கண்ணாயிரத்துக்குக் குளிர் ஜுரமே வரும். அந்த அறையில் அவருக்கு முன்னால் இருந்த நிரந்தர ஊழியன், அடுக்கில் இரண்டு கிழங்கு குறைந்ததற்காக வேலையை இழந்தவன். அவன் அதைப் பொரியல் செய்து சாப்பிட்டதாகச் சகாதேவன் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார், எண்ணெய் உட்பட. திங்கட்கிழமைதோறும் சகாதேவன் வந்து அடுக்கு அடுக்காக எண்ணுவார். நூறு இருந்தால் கையெழுத்து. எப்படி இருக்கிறது என்று பார்ப்பது ஆய்வாளரின் வேலை, எத்தனை இருக்கிறது என்று பார்ப்பது தன்னுடைய வேலை என்பதில் அவர் கறாராக இருந்தார்.

ஒன்பதாம் நாள் காலை கதவைத் திறந்ததும் கண்ணாயிரத்தின் மூக்குக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மூன்றாவது அடுக்கில் ஒன்று, ஐந்தாவதில் நாலு. அந்தப் பெண் நல்ல கிழங்கை ஆணியால் குத்தி வைத்ததால் கெடுகிறது, சின்னப் பெண், தெரியாமல் செய்திருக்கிறாள், காட்டிக்கொடுப்பானேன் என்று நினைத்தார். ஐந்தையும் பொறுக்கிப் பின்ஜன்னல் வழியாகக் குழியில் கொட்டினார். எண்ணிக்கை ஐந்து குறைந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போய்ப் பழைய கூட்டாளி வேடியப்பனிடம் ஐந்து நல்ல கிழங்கு வாங்கி வந்து வைத்தார். மற்றதில் எல்லாம் ஓட்டை இருக்க இதில் மட்டும் இல்லையே என்று யாராவது கேட்பார்கள் என்று, அதே ஆணியால், அதே அரை அங்குலம் குத்தியும் வைத்தார். வேலையில் அவர் அரைகுறை கிடையாது.

மறுநாள் பதினொன்று. அதற்கு மறுநாள் முப்பது. தோல் லேசாகச் சுருங்கினதைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. நாற்பதாம் நாளுக்குள் அந்த அறையில் மலையிலிருந்து வந்த கிழங்கு ஒன்றுகூட மிச்சமில்லை. அறுநூறும் சின்னக்கடைத் தெருக் கிழங்கு.

நாற்பத்தைந்தாம் நாள் டாக்டர் இராமலிங்கம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து கத்தியால் முதல் கிழங்கை அறுத்தார். பால் மாதிரி இருந்தது. அடுத்ததும் பால். மத்தியானம் வரைக்கும் அறுத்தார்கள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவருடைய சோதனை எதுவும் ஒரு முடிவுக்கு வந்ததில்லை.

கஸ்தூரிக்கு மட்டும் முகம் சரியில்லை. “ஆறு ரகமும் பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கு சார்” என்றாள்.

“நோயை எதிர்க்கும்போது எல்லாம் ஒற்றுமையாகத்தான்மா இருக்கும்.”

“ஆணி குத்தின காயம் இன்னிக்குக் குத்தின மாதிரி ஈரமா இருக்கு சார்.”

“அதுதான் எதிர்ப்புத் திறன். காயத்துக்கு வயசாக விடுவதில்லை.”

அவள் விடவில்லை. எல்லாவற்றையும் தாங்குகிற கிழங்கு என்று ஒன்று கிடையாது என்றாள். தோல் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் தாங்கும். காயத்தின்மேல் தக்கை மாதிரி சீக்கிரம் கட்டிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் தாங்கும். அப்போதும் ஒரு பூஞ்சணத்தை ஜெயித்த ரகம் இன்னொரு பூஞ்சணத்திடம் தோற்றுவிடும். நூற்றுக்கு நூறு என்பது நடக்காது. இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார் டாக்டர். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது என்றாள். அப்படியானால் பழைய விஷயம் என்று முடித்துவிட்டார்.

இணை இயக்குநர் தருமன் வருஷத்துக்கு ஒரு முறை மெட்ராஸிலிருந்து ஆய்வுக்கு வருவார். அது எப்போதும் தீபத்தை ஒட்டியே அமைந்துவிடும். குடும்பத்தில் பதினொரு பேர் கூட வந்து அறிவியலுக்குத் துணை நிற்பார்கள். எண்பதாம் வருஷத் தீபத்துக்கு வந்தவரிடம் முடிவைக் காட்டினார்கள். அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஆறு ரகமும் தேறிவிட்டால் அது தேர்வு ஆகாது, ஒன்றைத்தான் அறிவிக்க முடியும். எதை அறிவிப்பது என்று மூன்று மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் ஆறு சீட்டு எழுதி விபூதிப் பொட்டலத்தில் மடித்து, கோயிலில் சாமி முன்னால் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். நாலாம் எண் வந்தது. சாமி எடுத்த முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. அருணை வஜ்ரம் என்று பெயர் வைத்தார்கள்.

பாராட்டுக் கூட்டத்தில் டாக்டர் இராமலிங்கம் பேசியதைச் சகாதேவன் சுருக்கெழுத்தில் எடுத்து வைத்திருக்கிறார். “சிலர் கிழங்கைப் பார்த்து ஆய்வு செய்கிறார்கள். அது ஆபத்தானது. கிழங்கு இன்றைக்கு ஒரு மாதிரி இருக்கும், நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும். நாங்கள் பதிவேட்டைப் பார்த்து ஆய்வு செய்கிறோம். கிழங்கு அழுகலாம். பதிவேடு இந்த ஊரில் அழுகாது.” கை தட்டினார்கள். அறையைச் சுத்தமாக வைத்திருந்த கண்ணாயிரத்தை நிரந்தரமாக்கப் பரிந்துரைப்பதாகத் தருமன் அறிவித்தார். ஜோதியம்மாள் அன்றைக்கே கீழ்பென்னாத்தூருக்குச் சொல்லி அனுப்பினாள்.

நாலாவது அடுக்கில் அறுபடாமல் மிஞ்சியது, அருணை வஜ்ரம் என்ற பெயரில் விதைக்கிழங்காக மலைக்குப் போனது. ஆறு மாதத்தில் திரும்பி வந்தது. கொடைக்கானல் மேல்மலை விவசாயி கருப்பன் மூன்று பஸ் மாறி ஒரு மூட்டையைத் தூக்கி வந்து வராந்தாவில் வைத்தார். கடைசி பஸ்ஸில் அவரைச் சுற்றி நாலு சீட் காலியாக இருந்ததாம். இலவசமாகக் கொடுத்த விதை, நடுவதற்கு முன்னால் கிடங்கிலேயே போய்விட்டது, பாதியைக் குழம்பு வைத்து நஷ்டத்தைக் குறைத்துக்கொண்டேன், மீதியைக் காட்ட வந்தேன் என்றார். டாக்டர் இராமலிங்கம் மூட்டையைப் பார்க்காமலே எழுத்தில் பதில் கொடுத்தார். அருணை வஜ்ரம் அழுகாது. மூட்டையில் இருப்பது அழுகியிருக்கிறது. ஆகவே மூட்டையில் இருப்பது அருணை வஜ்ரம் அல்ல. மனுதாரர் அருணை வஜ்ரத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்பதற்குப் பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

கருப்பன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணாயிரத்தின் கை பழக்கதோஷத்தில் மூட்டைக்குள் போனது. ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். “இது எங்க மண்டிக் கிழங்கு” என்றார்.

பக்கத்தில் நின்ற கஸ்தூரி அவரைத் தனியே கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பொறுக்கியது, கொட்டியது, மாற்றி வைத்தது, ஆணி குத்தியது என்று எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சோதனை எதற்கு என்று அவருக்கு முதல் தடவையாக விளக்கினாள்.

கண்ணாயிரத்துக்குப் புரிய வெகுநேரம் பிடித்தது. “அழுகறதுக்கா வெச்சீங்க?”

“ஆமா.”

“வேணும்னேவா?”

“ஆமாண்ணா. எது கம்மியா அழுகுதுன்னு பாக்கறதுக்கு.”

“அத சொல்லியிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டனே. நான் எதுக்கு இருக்கேன்னு யாருமே சொல்லலியே.”

வீட்டில் சொன்னபோது ஜோதியம்மாள் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசினாள். “கெட்டதப் பொறுக்கிக் கொட்டினேன்னு போய் மன்னிப்புக் கேட்கிற ஒரே ஆளு இந்த உலகத்துல நீதான். ஆர்டர் வர்ற நேரம். வாய மூடிக்கினு இரு.”

“அந்த மலைக்காரரு மூணு பஸ்ஸு மாறி வந்தாரு. நாளிக்கி இன்னும் நூறு பேரு வருவாங்க.”

“பாஞ்சாலையும் வருவா. அவளுக்கு இன்னா பதில் சொல்லப் போற?”

கண்ணாயிரம் சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றி வைத்தார். இருந்தாலும் மறுநாள் காலை சகாதேவனிடம் போனார். முழுசாகக் கேட்ட சகாதேவன் பேனாவை மூடினார். தினக்கூலி வாக்குமூலம் கொடுக்க விதியில் இடமில்லை, நிரந்தரமானதும் கொடுக்கலாம் என்றார். சரி, தப்புக்கு நடவடிக்கையாவது எடுங்கள் என்றார் கண்ணாயிரம்.

“தினக்கூலி மேல நடவடிக்கை எடுக்க விதி இல்லய்யா. நடவடிக்கை இல்லன்னா தப்பு இல்ல. நீ ஒண்ணும் பண்ணல, போ.”

டாக்டரிடம் போனார். பாதி சொல்வதற்குள் டாக்டர் எழுந்து அவர் தோளில் தட்டி, சாதனையில் பங்கு பெற்றவர்களுக்கு இவ்வளவு அடக்கம் இருப்பது அபூர்வம் என்றார். மறுபடியும் போனார். மறுபடியும் தட்டினார். மூன்றாம் தடவை போனபோது தோளைத் தூரமாக வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். டாக்டர் எட்டித் தட்டினார்.

கடைசியில் கஸ்தூரிதான் எழுத்தில் கேட்டாள், சோதனையை மறுபடி செய்ய வேண்டும், இந்தத் தடவை கதவைப் பூட்டி அரக்கு முத்திரை வைக்க வேண்டும் என்று. மறுத்தால் அவள் மெட்ராஸுக்கு எழுதுவாள், எழுதினால் ஒரு கோப்பு பிறக்கும். டாக்டர் ஒப்புக்கொண்டார். மலையிலிருந்து புதிதாக அறுநூறு கிழங்கு வந்தது. பின்ஜன்னலுக்குப் பலகை அடித்தார்கள்.

அந்த நாற்பத்தைந்து நாள் கண்ணாயிரத்துக்கு நரகம். பூட்டிய கதவுக்கு வெளியே நின்றபடி உள்ளே என்ன நடக்கிறது என்று மூக்காலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் ஐந்தாவது அடுக்கு போனது. இருபதாம் நாள் முதல் இரண்டும் போயின. கஸ்தூரி தாண்டிப் போகும்போது சொல்வார், அவள் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வாள். “மூணாவது அடுக்கு மட்டும் புடிச்சிக்கினு நிக்குதும்மா” என்றார் நாற்பதாம் நாள். கதவு வழியாக வந்த அந்தக் குறிப்புதான் நிலையத்தின் சரித்திரத்திலேயே சரியான பதிவு.

தீபத்துக்கு முந்தின நாள் தருமன் முன்னிலையில் முத்திரையை உடைத்தார்கள். தருமனின் குடும்பம் உடனே ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டது. ஐந்நூற்று எண்பத்தொன்பது அழுகியிருந்தது. மிச்சம் பதினொன்று. அதில் ஒன்பது மூன்றாவது அடுக்கு.

கஸ்தூரிக்கு முகம் மலர்ந்தது. இதுதான் வேண்டியது, மூன்றாம் ரகத்தின் தோலைப் பாருங்கள், காயம் எப்படிக் கட்டியிருக்கிறது பாருங்கள், இந்த ஒன்பதை வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம் என்று சொல்லப் பார்த்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால்தான் அவள் பேசலாம். சகாதேவன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாயிரத்தைக் கூப்பிட்டு, அழுகியதைக் குழியில் கொட்டவும், நல்லதாக இருக்கிற பதினொன்றை இணை இயக்குநர் வீட்டாரின் மத்தியான போண்டாவுக்குச் சமையல்காரரிடம் கொடுக்கவும் சொன்னார். பதினொன்று, எண்ணிக் கொடு என்றார்.

கஸ்தூரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. கண்ணாயிரம் பதினொன்றையும் கூடையில் போட்டுக்கொண்டு சைக்கிள் பக்கமாகப் போனார். சைக்கிளில் வீட்டுக்கு வாங்கின கத்திரிக்காயும் உருளைக்கிழங்குமாகக் காய்கறிப் பை தொங்கியது. திரும்பி வந்து கூடையைச் சமையல்காரரிடம் கொடுத்தார். சகாதேவன் எண்ணினார். பதினொன்று இருந்தது. கையெழுத்துப் போட்டார். போகிற போக்கில் கண்ணாயிரம் காய்கறிப் பையைக் கஸ்தூரியின் மேஜைக்குக் கீழே வைத்து, “மேல இருக்கறது கத்திரிக்கா, அத மட்டும் எங்கூட்டுக்கு அனுப்பிடும்மா” என்றார்.

போண்டா பிரமாதம், எதிர்ப்புத் திறனுள்ள கிழங்கின் ருசியே தனி என்று தருமன் சொன்னதும் கூட்டம் தொடர்ந்தது.

டாக்டர் இராமலிங்கம் எழுந்தார். ஆய்வாளன் தோல்விக்குப் பயப்படக் கூடாது என்றார். முதல் சோதனையில் ஒன்றும் அழுகவில்லை. இரண்டாவதில் ஏறக்குறைய எல்லாம் அழுகிவிட்டது. அதே அறை, அதே அடுக்கு, அதே ரகம், அதே பூஞ்சணம். அங்கே இருந்து இங்கே இல்லாமல் போனது எது? இந்தக் கேள்வியைத்தான் இரவு பகலாக யோசித்ததாகச் சொல்லிவிட்டு வராந்தாவைக் காட்டினார்.

கண்ணாயிரத்தை உள்ளே கூப்பிட்டார்கள். தருமன் அவரைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார்.

“சார், நான் பொறுக்கிப் போட்டேன் சார்” என்றார் கண்ணாயிரம். “கெட்டத எடுத்துட்டு மண்டிக் கிழங்க வெச்சேன். அவ்ளோதான் சார்.”

தருமன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் புன்னகை செய்தார். “எப்படிச் செய்கிறார் என்பது அடுத்த ஐந்தாண்டு ஆய்வு சார். செய்கிறார் என்பது நிரூபணம் ஆகிவிட்டது.”

தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது. அருணை வஜ்ரத்தின் எதிர்ப்புத் திறன் தோலிலும் இல்லை, சதையிலும் இல்லை, மேற்படி கண்ணாயிரத்திடம் இருக்கிறது. ஆகவே அவர் உடனடியாக நிரந்தரமாக்கப்படுகிறார். இனி ஒவ்வொரு சோதனையிலும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அவர் கிழங்குகளோடு கிழங்காக அறையில் இருக்க வேண்டும். வெளியார் தலையீடு பற்றிக் கேள்வி எழாதபடி கதவு பூட்டி முத்திரை வைக்கப்படும். மேல்மலை கருப்பனுக்கும், அவரிடம் கண்ணாயிரம் இல்லாததே சேதத்துக்குக் காரணம் என்று பதில் எழுத வேண்டும்.

ஆர்டரை அங்கேயே தட்டச்சு செய்து கையில் கொடுத்தார்கள். கண்ணாயிரம் எழுத்துக் கூட்டிப் படித்தார். தன் பெயர் சரியாக இருந்தது. நிரந்தரம் என்று இருந்தது. பாஞ்சாலை இதைப் பார்த்தால் காப்பியைக் குடிப்பாள். மடித்துக் கஸ்தூரியிடம் கொடுத்து, ஜோதியம்மாளிடம் சேர்க்கச் சொன்னார். அவள் வாங்கிக்கொண்டு, மேஜைக்குக் கீழே காலால் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு வந்தது.

நல்ல நேரம் முடிவதற்குள் ஆரம்பித்துவிடலாம் என்றார் தருமன். மூன்றாவது சோதனைக்கென்று மலையிலிருந்து முன்கூட்டியே வந்திருந்த அறுநூறும் அதற்குள் அடுக்கில் ஏறித் தயாராக இருந்தன. அறைக்குள் போன கண்ணாயிரம் மூக்கை உறிஞ்சினார். நாலாவது அடுக்கில் ஏதோ ஒன்று வரும்போதே சரியில்லை. பின்ஜன்னலைப் பார்த்தார். பலகை அடித்தது அடித்தபடியே இருந்தது. திரும்பினார். சகாதேவன் ஒரு கையில் பூட்டும் மறு கையில் அரக்குமாக வாசலில் நின்றார்.

“சார், அழுகினதப் பொறுக்கி எங்க கொட்டறது?”

“அழுகாதுய்யா” என்றார் சகாதேவன். “அதுக்குத்தான நீ இருக்க.”

கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினார்.